கூரையில்லாத மறைப்பு

கொழுந்தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது உங்க மொட்டை மாடிதானே அண்ணி?"

எங்கள் மாடிதான். செயற்கைக்கோள் வானத்திலிருந்து எடுத்த படம். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, மூலையில் நானே தகரத்தில் பற்றவைத்து நிறுத்திய நாலு பக்க மறைப்பு.

மறைப்புக்கு நடுவே பச்சைப் பாய். பாயின் மேல் ஓர் ஆள் நீளத்துக்கு மாநிறமாய் ஒரு கீற்று.

வீட்டுமனைத் தரகரான அவருக்கு இந்தப் படங்களை மேய்வதுதான் வேலை. மனை தேடப் போனவர் அண்ணன் வீட்டு மாடியில் வந்து இறங்கியிருக்கிறார்.

அந்த மறைப்பு எதற்கென்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தோல் செதில் செதிலாக உரிகிற நோய். உடம்பில் காலை வெயில் படட்டும் என்றார் டாக்டர். முதுகில் வெயில் படத் தெருவிலா போய்ப் படுக்க முடியும்? அக்கம்பக்கம் பார்க்காதபடி ஏழடி உயரத்துக்குத் தகரம் வைத்தேன். மேலே மட்டும் திறந்து விட்டேன்.

"உலகமே பார்க்குது அண்ணி. மானம் போகுது. மேலேயும் ஒரு தகரத்தைப் போட்டு மூடிடுங்க."

என் வீட்டுக்காரர் தரையில் எதையோ தேடினார்.

அவருடைய அக்கா, எங்களோடு இருக்கும் என் நாத்தனார், சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளித் தலைமை ஆசிரியை. கடும் கோடையிலும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட சட்டை. அவர் இருக்கிற அறையில் நாங்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை.

"சன்னல் வழியா ஒருத்தன் எட்டிப் பார்த்தா அவனைத்தானே தம்பி திட்டுவீங்க?" என்று கொழுந்தனைக் கேட்டேன். "வானத்துலேருந்து பார்த்தா மட்டும் நான் மூடிக்கணுமா? படத்தை நீக்கச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு எழுதுங்க. என் வீடு, என் உடம்பு. நான் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன்."

கொழுந்தன் விடவில்லை. படத்தைப் பெரிதாக்கி மறுபடி நீட்டினார்.

"முதல்ல இதைப் பாருங்க. இது நீங்கதானே?"

பார்த்தேன். கீழ் ஓரத்தில், படம் எடுத்த தேதி பொடி எழுத்தில் இருந்தது. மார்ச் பதினொன்று.

அந்த வாரம் முழுக்க நானும் வீட்டுக்காரரும் எங்கள் வெல்டிங் பட்டறை வேலையாக வெளியூரில் ஒரு கிடங்குக்கு இரும்புக் கதவு மாட்டிக்கொண்டிருந்தோம். மாடிக்குப் படி வீட்டுக்குள்ளிருந்துதான். அப்போது வீட்டில் இருந்தது ஒரே ஒருவர்.

மேசைப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா, நான்தான்" என்றேன். "கூரை போட மாட்டேன். இன்னும் நாலடி அகலப்படுத்தப் போறேன். ரெண்டு பேர் தாராளமா படுக்கணும்."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்குக் காது சிவந்தது.

"அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

நாத்தனார் கையிலிருந்த தாளுக்கு மதிப்பெண் போட்டு முடித்தார். பேனாவை மூடினார். வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் என்னிடம் சொன்னார்:

"நாலடி பத்தாது. ஆறடியா வை."