திருட்டுப் பிளக்

"அந்த மலாவிக்காரனை இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுங்க, மாதுபே! அவன் கெட்டிலுக்காக நம்ம கிறிஸ்துமஸ் நாறணுமா?"

வேலை முடிந்து, பக்கத்து வாசலான தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், பிலிசிவே நேராக மாதுபே வீட்டுக்குள் புகுந்து கத்தினாள்.

கத்தாமல் என்ன செய்வாள்? வருஷம் முழுக்கப் பெண்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் போட்ட கறிச்சீட்டு. பண்டிகைக் கோழியும் ஆட்டுக்கறியும் மாதுபேயின் பெரிய ஃப்ரீசருக்குள் அடைந்து கிடக்கின்றன. இந்த வாரம் பார்த்து, டிரிப் சுவிட்ச் தினமும் பொத்தென்று விழுந்து ஃப்ரீசரை அணைத்துவிடுகிறது. எங்கேயோ கரண்ட் கசிகிறது.

"பேசாம அந்த சுவிட்சைக் கழட்டி எறிங்களேன்" என்றாள், கூடியிருந்த சீட்டுப் பெண்களில் ஒருத்தி.

"எறியறேன். ஷாக் அடிச்சு எவளாவது போய்ச் சேர்ந்தா, இந்தக் கறியைக் கருமாதிக்கு ஆக்கிடலாம்" என்றாள் மாதுபே.

தென்னாப்பிரிக்காவின் உம்லாசிப் பேட்டையில் இதற்கு ஒரே வைத்தியம்தான். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சுவிட்சைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். எதைச் செருகும்போது விழுகிறதோ, அதுதான் திருடன்.

டிவி. விழவில்லை.

ஃப்ரீசர். விழவில்லை. பெண்கள் குலவையே போட்டார்கள்.

அடுத்து, கொல்லையில் அந்த மலாவிக்காரன் லிம்பானியின் வாடகை அறை. ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்ப்பவன், தூக்கக் கலக்கத்தோடு எழுந்து நின்றான்.

கெட்டில். விழவில்லை. பிலிசிவேயின் முகம் தொங்கிப் போனது.

"கட்டிலுக்கு அடியில என்னப்பா, இன்னொரு பிளக்?" என்று இழுத்துச் செருகினாள்.

பொத்!

"மாட்டினான் பாருங்க! யாருக்குடா போகுது இந்த வயர்?"

"சொல்ல முடியாதுக்கா. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ஓஹோ! நம்ம கரண்டை வித்துக் காசு பாக்கறியா?"

பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பெண்கள் கூட்டமும் பின்னால் போனது. வயர் ஜன்னல் வழியாக இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கிய புல்லில் ஓடியது. டேப் சுற்றிய ஒட்டு ஒன்று தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கசிவு அங்கேதான். அங்கிருந்து சுவர் ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலுக்குள் போனது.

பிலிசிவேயின் சொந்த வீட்டு ஜன்னல்.

உள்ளேயிருந்து அவள் கணவன் பெக்கானியின் மூச்சு வாங்கும் குரல் கேட்டது.

"லிம்பானி, தம்பி! மறுபடியும் போச்சுப்பா. மூச்சு மிஷினை எங்க பிளக்குலயே மாட்டியிருக்கேன், முன்பணம் கட்டின மீட்டர்ல மிச்சம் இருக்கிற யூனிட்டும் கரையுது. சீக்கிரம் சுவிட்சைத் தூக்கு ராஜா! பிலிசிவே வர்றதுக்குள்ள வயரைச் சுருட்டணும். பாவம், கரண்ட் காசைத்தான் கறிச்சீட்டுல கட்டினா. மீட்டர்ல நிறைய இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா, பண்டிகையன்னைக்கு ஒரு துண்டு இறங்குமா அவளுக்கு?"



பிலிசிவே குனிந்து, அந்த ஒட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் தோள் துணியாலேயே துடைத்தாள். கண்ணைத் துடைக்க மறந்துவிட்டாள். பிறகு லிம்பானியின் காதோரம் மெதுவாகச் சொன்னாள்:

"இதோ தூக்கிடறேன்னு சொல்லுப்பா. நான் இன்னும் வேலையிலிருந்து வரலைன்னும் சொல்லு."