பெரிய நாடு, சின்ன நாடு

அது நவம்பரா, டிசம்பர் தொடக்கமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. றோமிலிருந்து பெல்லாந்திக்குக் கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் நிச்சயம்.

"உன்ர அம்பாசிடருக்குத் தபால் வந்திருக்காம். இனி உன்னைக் கையில பிடிக்கேலாது," என்றாள் கூட வேலை செய்யும் சிவமலர், சாப்பாட்டு வண்டியைத் தள்ளியபடி.

றோசலின் சிரிக்கவில்லை. மொன்றியலின் சென்ட் லோரன்டில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் இத்தாலியன் தெரிந்த பணியாள் அவள் ஒருத்திதான். கனடாவுக்கு வருமுன் பத்து வருடம் பலெர்மோவில் வீட்டுவேலை செய்தவள். பெல்லாந்தியின் கண்கள் மங்கிவிட்டதால் கடிதங்களை அவள்தான் வாசித்துக் காட்டுவாள்.

எழுதுவதும் அவள்தான்.

பெல்லாந்தி பன்னிரண்டு வருடம் இத்தாலியப் பாராளுமன்றத்தில் இருந்தவர். வாய் அடங்காதவர் என்று கட்சி அவரைத் தூதராக்கி நாடு நாடாக அனுப்பிவைத்தது. கடைசி நாடு கனடா. மனைவியை மொன்றியலிலேயே அடக்கம் செய்தபின், திரும்பிப் போனாலும் வரவேற்க ஆளில்லை என்று இங்கேயே இருந்துவிட்டார். அந்த இலையுதிர் காலத்தில் சாப்பாட்டை நிறுத்தினார்.

"என்னட்டை இனி ஆர் என்ன கேக்கப் போகினம்?" என்றார். அவர் பேசும் இத்தாலியன் றோசலினின் காதுக்குள் தமிழாகவே விழும்.

மறுநாள் மதிய இடைவேளையில் சலவை அறையில் உட்கார்ந்து, வெளிநாட்டு அமைச்சு அவரிடம் யோசனை கேட்பதாக ஒரு கடிதம் எழுதினாள். அதைக் கேட்டதும் பெல்லாந்தி ஒரு கோப்பை சூப் முழுவதையும் குடித்தார். பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

கேட்பதற்குத்தான் விஷயம் தீர்ந்துபோயிற்று. கடைசியில் தன் வீட்டுக் கதையையே எழுதினாள். மகன் றூபன் தான் விரும்பிய செலீனை மாதா கோயிலில் கட்டாமல் நகர மண்டபத்தில் பதிவு செய்துகொண்டான். றோசலின் போகவில்லை. ஆறு வருடமாகப் பேச்சில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் அவள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் அநேகமாக அது யாரோ தவறி எடுத்த இலக்கமாக இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அதை வாசித்தாள். "சின்ன நாடு மூன்றாவது நாடொன்றுடன் உடன்படிக்கை செய்தது. பெரிய நாடு விழாவைப் பகிஷ்கரித்தது. இப்போது யார் முதலில் பேசுவது, மேன்மைதங்கிய ஐயா?"

பெல்லாந்தி யன்னல் பக்கம் திரும்பினார். தெருவில் பனி அள்ளும் வண்டி போய், திரும்பியும் வந்துவிட்டது.

"எழுது," என்றார். "பெரிய நாடுதான் போகவேணும். பேச்சுவார்த்தை எண்டு போகக்கூடாது. எதையாவது திருப்பிக் குடுக்கிற சாட்டில போகவேணும். மன்னிப்பு எண்ட சொல்லை ரெண்டு பக்கமும் வாயில எடுக்கக்கூடாது. உள்ள கூப்பிடுமட்டும் சப்பாத்தைக் கழட்டக்கூடாது."

நாடுகள் சப்பாத்துப் போடுமா என்று றோசலினுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், வயதாகிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் றூபனின் பழைய ஹொக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு, அவன் இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு பஸ் ஏறினாள். கதவைத் திறந்த றூபன் மட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இதைத் தந்திட்டுப் போவம் எண்டு வந்தனான். போறன்."

"குளிருக்க நிண்டு கதைக்காதேங்கோ, அம்மா. உள்ள வாங்கோ."

அடுத்த செவ்வாய் மறுபடியும் றோமிலிருந்து கடிதம். "தங்கள் யோசனைப்படியே நடந்தது. பெரிய நாடு எல்லையைக் கடந்தது. சின்ன நாடு தேநீர் கொடுத்தது. அமைச்சு தங்களுக்கு நன்றி கூறுகிறது." நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்தது. றோசலின் இருமிச் சமாளித்தாள்.

பெல்லாந்தி கடிதத்தைக் கைநீட்டி வாங்கினார். தன்னால் வாசிக்க முடியாத அந்தத் தாளை நாலாக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மருமகள் உன்னோட கதைச்சவளோ, றோசலின்?"