நிரம்பிய நாற்காலிகள்

இன்டர்வியூவுக்கு வந்த எங்களை, கம்பெனி முதலாளி ஆளுக்கொரு மேசையில் உட்கார வைத்தார். "லேப்டாப்பைத் திறந்து ஏதாவது டைப் பண்ணிட்டே இருங்க. நீங்க எப்படி வேலை செய்றீங்கன்னு பார்க்கணும்."

அடிப்பதற்கு எதுவும் இல்லாததால் என் பெயரையே திரும்பத் திரும்ப அடித்தேன்.

பக்கத்து மேசைப் பெண் தலை நிமிராமல் கேட்டாள்: "புதுசா? முதலீடு போடறவங்க வர்ற அன்னிக்கெல்லாம் இப்படித்தான் இன்டர்வியூ வைப்பாங்க. ஆபீஸ் நிறைஞ்சு இருக்கணும்ல. போன மாசமும் இதே நாற்காலியிலதான் இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏங்க வந்தீங்க?"

"ஒருவேளை இந்தத் தடவை எடுத்துட்டாங்கன்னா?"

கண்ணாடிக் கதவு திறந்தது. கோட் போட்டவர்கள் உள்ளே வந்தார்கள். அறையிலிருந்த விரல்களெல்லாம் வேகமெடுத்தன. முதலாளி நேராக வந்து என் தோளில் கை போட்டார்.

"இவர் குணாளன். முதல் நாள்லேர்ந்து எங்களோட இருக்கார்."

என் பெயர் அதுவல்ல.

வந்தவர்களில் ஒருவர் குனிந்து, "இங்க வேலை பார்க்கறது எப்படி இருக்கு குணாளன்?" என்றார்.

அன்றைய இன்டர்வியூவில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். எழுந்து நின்று, "குடும்பம் மாதிரி சார்" என்றேன்.

உட்கார்ந்ததும், திரையிலிருந்த என் பெயரை அழித்துவிட்டு, குணாளன் என்று அடிக்க ஆரம்பித்தேன்.