ஒரு நாளைக்கு ஒரு கூண்டு

கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். கூண்டு அதன் நீளத்துக்கு நகர்ந்தது. நிறுத்தினார்.

உள்ளே ஒன்பது கோழிகளும் கூடவே நடந்து வந்தன. சக்கரம் வைத்த கம்பிக் கூண்டு அது. அடிப்பலகை கிடையாது. நடக்க மறந்த கோழி பின்கம்பியில் இடிபடும். ஒன்று மட்டும் தினமும் இடிபட்டது. அதற்கு ஏதோ யோசனை.

நேற்று கூண்டு நின்ற இடம் மொட்டையடித்தது போலக் கிடந்தது. முந்தாநாள் நின்ற இடமும் அப்படித்தான். திரும்பிப் பார்த்தால் அவர் வீட்டு வாசல் வரை ஒரே நேர்கோடு. நான்கடி அகலம்.

அதைப் பாதை என்று அவர் சொல்லவில்லை. களையெடுப்பு என்றார்.

கோரைக்கு மருந்தடித்தும் பார்த்தாயிற்று, வெட்டியும் பார்த்தாயிற்று. ஒரு மழைக்காலத்தில் அது அவர் கட்டிலுக்கு அடியில் முளைத்துக் கயிற்றோடு கயிறாகப் பின்னிக்கொண்டது. காலையில் அவரைப் பிரித்தெடுக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. சாட்சிக்கு ஆள் இல்லை. வந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கோழிதான் சரி. ஒரு கை கம்புத் தானியத்தை வீசிவிட்டால் போதும். கொத்தும், கிளறும், கிழங்கு வரைக்கும் தோண்டும்.

பால்காரர் மயிலுசாமி வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்ணா, நாலு ஏக்கராவும் களை மண்டிக் கெடக்குது. கூண்டு என்னமோ உங்கக்கா ஊட்டுப் பக்கமாவே போகுதாட்ட இருக்குது?"

"இந்தக் கோழிங்களுக்கு அந்தப் பக்கத்துக் கோரைதான் ருசியாமா. நான் சொன்னா எங்க கேக்குதுங்க."

"எல்லாம் ஒரே கோரைதானுங்களே."

"அதையக் கோழிகிட்டக் கேளு."

மயிலுசாமி சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்கு இவர் மனிதரோடு பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அக்காவின் வீடு கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம். அங்கே அவள் ஒருத்தி. இங்கே இவர் ஒருவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவின் புருஷன் இறந்தார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தம்பிதான் கொண்டுவந்து போடவேண்டும். தாராபுரத்துக்குப் போனார். கடைக்காரர் வெள்ளைச் சேலைகளை எடுத்து முன்னால் விரித்தார்.

ஒன்றையும் அவரால் கையில் எடுக்க முடியவில்லை.

இது மட்டம், அது முரடு என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காலையில் போனவர், கடைக்காரர் எல்லாவற்றையும் திரும்ப மடித்து வைத்த பிறகுதான் எழுந்தார். கையில் ஒன்றும் இல்லை.

அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்காவின் தோளில் யாரோ எடுத்துவந்த கோடி கிடந்தது.

"எனக்குப் பொறந்த ஊடு இல்லீங்க" என்றாள். சொன்னது ஊருக்கு. அவரைப் பார்த்து இல்லை.

ஊருக்கு அவர் பல விதமாகச் சொன்னார். பஸ் டயர் வெடித்தது என்றார். ஆற்றுத் தண்ணீர் ரோட்டைச் சுருட்டிக்கொண்டு போனது என்றார். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியை விழுங்கிவிட்டார் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் நம்பினார்கள்.

நடந்ததை மட்டும் யாரிடமும் சொல்ல வரவில்லை.

அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் யாரும் நடக்கவில்லை. கோரை நடந்தது.

நாற்பத்தோராம் நாள் கூண்டு வேலியைத் தொட்டது.

வேலியில் பழைய கடவு திறந்துதான் கிடந்தது. கூண்டு தாராளமாக நுழையும். ஆனால் அதற்கு அப்புறம் அவள் மண். கேட்காமல் எப்படி இழுப்பது? கேட்பதற்கு எப்படிப் போவது?

அங்கேயே நிறுத்தினார்.

மறுநாளும் நகர்த்தவில்லை. அதற்கு மறுநாளும். கோழிகள் வெறும் மண்ணைக் கொத்தின. பிறகு கொத்துவதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தன. கம்பு போட்டார். தின்றுவிட்டு மறுபடி பார்த்தன.

அவர் வேலிக்கு மேலே பார்த்தார். அக்கா வீட்டுக் கூரையில் புகை வந்தது. நின்றது.

நான்காம் நாள் விடிந்து வந்தபோது கூண்டு அங்கே இல்லை.

கடவுக்கு அந்தப் பக்கம், ஒரு கூண்டு நீளம் தள்ளி நின்றது. ஒன்பதும் களைக்குள் தலையை விட்டிருந்தன.

நேற்றுச் சாயங்காலம் வரை காலியாக இருந்த தீனித் தட்டில் சோறு. கொள்ளுப் பருப்பு ஊற்றிப் பிசைந்தது. குனிந்து பார்த்தார். மேலே இருந்தது நேற்று ஆக்கியது. அதற்குக் கீழே முந்தாநாளையது, புளித்துப்போய். அதற்கும் கீழே ஒன்று.

மூன்று நாள் சோறு, ஒவ்வொன்றும் ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடும் அளவு.



அக்கா வீட்டு வாசலுக்கு இன்னும் பதினாறு கூண்டு. பதினாறு நாள்.

கயிற்றைக் கையில் எடுத்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூண்டுக்கு முன்னால் போனார். களை இடுப்பு வரை நின்றது.

காலை எடுத்து உள்ளே வைத்தார்.