பட்டி பார்த்த சுவர்

மதுரையில் முபீனின் டிரில்லிங் மிஷின் படாத தெரு குறைவு. வீடு வீடாகப் போய் ஏ.சி. மாட்டுவதுதான் அவன் தொழில். ஆனால் சிம்மக்கல்லில் அவன் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில் ஒரு காலண்டர் மாட்ட வழியில்லை. அது பாவம், ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பட்டி பார்த்த சுவரு தம்பி. ஒரு ஆணி அடிக்கப்படாது."

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் ஜனகராஜ், பட்டி மாவு பூசி வழவழவென்று இழைத்த சுவரைக் காட்டி, இவர்கள் பால் காய்ச்சிய அன்றே சொன்ன வார்த்தை. அதற்கப்புறமும் பார்க்கும்போதெல்லாம் மறக்காமல் சொன்னார்.

இத்தனை நாளும் எப்படியோ ஓட்டிவிட்டான். இந்தக் கோடையில் முடியவில்லை. ரிப்பேருக்குக் கழற்றி வந்த ஏ.சி. போர்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ரிமோட்டெல்லாம் அரிசி வாளிக்குப் பக்கத்தில். போன வாரம் ஒரு டாக்டர் வீட்டு போர்டை எடுத்துக்கொண்டு போய் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் மாட்டிவிட்டான். இரண்டு வீட்டிலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். ஜவுளிக்கடைக்காரர் வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டார்.

"இப்படியே ஒவ்வொரு கஸ்டமரா போய்க்கிட்டு இருந்தா, கோடை முடியுறதுக்குள்ள நம்ம பொழப்பு முடிஞ்சிரும்," என்றாள் மனைவி சமீனா. "முன் ரூமை ஆபீஸா மாத்துங்க. எது எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்."

"தரையில எங்க இடம் இருக்கு? கட்டிலு, பீரோ, ஃபிரிட்ஜு... மிச்சம் சுவரு மட்டுந்தான். நாலு பலகை அடிச்சாப் போதும், ஜம்முன்னு ஆபீஸு ரெடி."

"பேசாம நாகமலை புதுக்கோட்டையில இருக்க நம்ம சொந்த வீட்டுக்கே போயிருவோமா?"

"கஸ்டமரு பூராம் இங்க. அம்புட்டுத் தூரம் போய் உக்காந்து என்ன செய்ய? அது பாட்டுக்கு வாடகைக்கு இருக்கட்டும். நான் மேல போய்க் கேட்டுப் பாக்குறேன்."

மாடியில் ஜனகராஜின் மனைவி லலிதாம்பாள் காபி கொடுத்தார். ஜனகராஜ் பேப்பரை மடக்கினார்.

"சார், முன் ரூம்ல நாலு பலகை மட்டும் அடிச்சுக்கிறேன்."

"எதுல?"

"சுவத்துலதான் சார்."

"பட்டி பார்த்த சுவரு தம்பி."

"பதமாப் போடுவேன் சார், அதானே என் வேலையே. காலி பண்ணும்போது நானே அடைச்சு, பெயிண்ட் அடிச்சுத் தாரேன்."

"வர்றவங்க எல்லாம் இதைத்தான் சொல்றாங்க."

லலிதாம்பாள் தங்கள் வீட்டுப் பாஷையில் கணவரிடம் ஏதோ சொன்னார். அவரும் அதே பாஷையில் வெடுக்கென்று ஒன்று சொன்னார். முபீனுக்கு சௌராஷ்டிரம் தெரியாது. ஆனாலும் புரிந்தது.

இறங்கி வந்தவன் சமீனாவிடம் பொரிந்து தள்ளினான்.

"மனுசனா அவரு? ஒருத்தன் பொழப்பைவிட சுவரு பெருசாப் போச்சு! போகும்போது அதைத் தலையில வச்சுத் தூக்கிட்டா போகப்போறாரு? வீடு வச்சிருக்கோம்கிற திமிரு!"

"மெதுவா பேசுங்க. மாடி வரைக்கும் கேக்கும்."

"கேக்கட்டும்!"

மறுநாள் காலை முபீன் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தான். சமீனா டார்ச் அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் ஒரு கஸ்டமர் கத்திக்கொண்டிருந்தார்.

"காலையில மாட்டிர்றேன்னுதானய்யா சொன்ன? எங்கப்பா ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்காரு. வேக்காடு தாங்காம துடிக்கிறாரு!"

"இந்தா வந்துட்டேன் சார்... உங்க போர்டு இங்கதான் இருக்கு... ஒரு நிமிசம்..."

மோட்டார் போட இறங்கி வந்த ஜனகராஜ் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். இறைந்து கிடக்கும் போர்டுகளைப் பார்த்தார். கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முபீனின் கால்களைப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரை ஒருமுறை தடவினார்.

"எந்த இடத்துல பலகை வரணும் தம்பி?"

முபீன் படுத்தபடியே கை காட்டினான். எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

"அடிச்சுக்க. பெயிண்டு எப்ப வேணாலும் அடிச்சுக்கலாம். நீ பொழப்பைப் பாரு."

முபீன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து ஒரு சலாம் வைத்தான்.

அன்று சாயங்காலமே நாலு பலகையும் ஏறிவிட்டன. ஒவ்வொரு போர்டிலும் கஸ்டமர் பெயரை ஒட்டி, பலகையில் வரிசையாக வைத்தாள் சமீனா. ஜன்னல் கம்பியில் கிடந்த காலண்டருக்கும் சுவரில் ஓர் இடம் கிடைத்தது. கீழே கொட்டிக் கிடந்த வெள்ளைத் தூளை அவள் பெருக்க, முபீன் கண்கொட்டாமல் தன் ஆபீஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நேத்து அவரை எம்புட்டுப் பேசிட்டேன்! தங்கமான மனுசன் சமீனா. வீடு வச்சிருக்கவன்னா இப்படி இருக்கணும். குடியிருக்கவன் கஷ்டம் புரியணும்."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. நாகமலை புதுக்கோட்டை வீட்டில் குடியிருக்கும் சரண்யாதேவி.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? நான் வீட்டுலயே தையல் தொழில் பாக்குறேன்ல, ஆர்டர் துணியெல்லாம் ஒன்னோட ஒன்னு கலந்து போகுதுண்ணே. நேத்து ஒருத்தங்க ஜாக்கெட்டை இன்னொருத்தங்களுக்குக் குடுத்துட்டேன், ஒரே சண்டை. ஹால் சுவத்துல ரெண்டே ரெண்டு பலகை மட்டும் அடிச்சுக்கிறட்டுமா?"

பெருக்கிக்கொண்டிருந்த சமீனா நிமிர்ந்து புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

முபீன் கையிலிருந்த டிரில்லிங் மிஷினைப் புதுப் பலகையில் பத்திரமாக வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பட்டி பார்த்த சுவரும்மா. ஒரு ஆணி அடிக்கப்படாது."