சத்தத்த நிறுத்திட்டுப் போடு

கல்யாணத் தரகர் செல்போனை நீட்டினார். ரம்யாவுக்கு வந்த மாப்பிள்ளை அதில் முடி பறக்க, மெதுவாக நடந்து வந்தான். பின்னால் வயலின் உருகியது.

"ராஜா மாதிரி இருக்காரு!" என்றான் அப்பன் அன்புச்செல்வன்.

"யாரோ என்னவோ, நீயே பாத்துச் சொல்லு தாத்தா" என்று கதவோரம் நின்றாள் ரம்யா.

கிழவர் சடையனுக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. "இந்த மியூசிக்கப் போட்டா நம்ம வூட்டு எருமைகூட மகாராணிதான். சத்தத்த நிறுத்து. நடைய வேகமா வுடு."

சத்தம் நின்றதும் ராஜாவைக் காணோம். சங்கராபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனைப் போல ஒரு சாதாரணப் பையன் வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வேணாம்னு சொல்லிடலாமாப்பா?" அன்புச்செல்வனுக்குச் சுருதி இறங்கிவிட்டது. ரம்யா நகத்தைக் கடித்தாள்.

"இருடா. படம் புடிக்கிறவங்களப் பாத்து இவன் இன்னாத்துக்கு இப்டி வழிஞ்சிக்கினு இருக்கான்?"

படத்தை அப்படியே நிறுத்தி, பையனின் கூலிங் கிளாஸைப் பெரிதாக்கச் சொன்னார் சடையன். கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

சடையன் கதவுப் பக்கம் திரும்பினார்.

"பையன் பரவால்ல, ரம்யா. நீதான் கைய ஆட்டாம புடிச்சிருக்கலாம்."