தீவுக்குச் சம்மதம்

"அப்ப உந்த எரிமலையிலை ஆக்கள் ஏறலாமோ?"

யோகநாதன் தபாலட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு தங்கையைக் கேட்டான்.

"ஓம் அண்ணை. இப்ப வெறும் புகைதான். ஏறிப்போட்டு வாற வழியிலை சுடுதண்ணிக் குளமிருக்காம். இறங்கிக் குளிக்கலாமாம்."

கோசலை அடுத்த அட்டையை நீட்டினாள். காட்டுக்குள்ளே ஓர் அருவி. அதற்கடுத்தது கறுப்பு மணல் கடற்கரை. பாரிஸின் லா சப்பலில் சாப்பாட்டுக்கடைக் குசினியே கதியென்று கிடப்பவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கடலிலை உப்பிடியொரு பச்சையோ? வாற லீவுக்கு நான் அங்கைதான். எங்கை தங்கிறது?"

"அந்துவான்ரை வீட்டிலை."

ஆசை வெட்கமறியாது என்பார்கள். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்காரன் அந்துவான், கோசலையோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்பவன். அவளைக் கட்டித் தரச்சொல்லிக் கேட்கிறவன்.

"தீவுக்குச் சம்மதம். மாப்பிள்ளைக்கு இல்லை. எங்கடை சனத்திலை ஒருத்தன் வேணும்."

"அண்ணை, அவர் வந்து..."

"அவன்ரை கதையே வேண்டாம்."

இப்படித்தான். அவள் வாய் திறந்தாலே காதைப் பொத்திக்கொள்வான். படத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டான்.

கோசலை அட்டைகளை மேசையில் வைத்தாள். "மெற்றோ வாசல்லை நிக்கிறார். ஒருக்கால் முகத்தையாவது பாத்திட்டுச் சொல்லுங்கோ."

இங்கே அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். ஆனாலும் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நேரிலேயே மறுத்து அனுப்பிவிடுவதென்று இறங்கிப் போனான்.

மெற்றோ வாசலில் நம்மூர்ப் பெடியன் ஒருவன் மட்டும் நின்றான்.

"தம்பி, இஞ்சை ஒரு குவாதலூப் ஆள் நிண்டவரோ?"

பெடியன் சிரித்தானே தவிரப் பேசவில்லை. ஒரு தமிழ் முகத்தைக் கண்டதும் யோகநாதன் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டான்.

"என்ரை தங்கச்சியைக் கேக்கிறான். ஊர் சொர்க்கம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உம்மைப்போலை ஒருத்தர் கேட்டிருந்தால் இந்த நிமிசமே கையைப் பிடிச்சுக் குடுத்திருப்பன்."

பெடியன் கூச்சத்தோடு பிரெஞ்சில் சொன்னான்: "மன்னிக்க வேண்டும் ஐயா, எனக்குத் தமிழ் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து எங்கள் தீவின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன பூட்டனாரோடு எங்கள் வீட்டில் தமிழ் போய்விட்டது. என் பெயர் அந்துவான் வீரப்பன். கோசலையின் அண்ணனுக்காகக் காத்து நிற்கிறேன்."